சிறுவரும் செயற்கை அறிவும்: காரைக்கால் எல்லை கற்பிக்கும் பாடம்

சட்டத்திற்கு எல்லையுண்டு, தீமைக்கோ எல்லையில்லை. இவ்வுண்மையை உணர விரும்புவோர்க்குக் காரைக்காலினும் சிறந்த பாடசாலை வேண்டுவதில்லை. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், கிழக்கே கடல் என்று அமைந்து, தஞ்சை வளநாட்டின் வயல்களிடையே கிடக்கும் இச்சிறு நிலம் 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்டு மீண்டு, 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் ஆளுகைக்குள் வந்தது. அதுகாறும் ஒரு வரப்பின் இப்புறம் ஒரு சட்டமும் அப்புறம் மற்றொரு சட்டமும் வழங்கின.

இதனால் சிறுவர்க்கு விளைந்த தீங்கொன்றை முதற்கண் நோக்குவோம். 1929-ஆம் ஆண்டு ஹர் பிலாஸ் சாரதா என்பாரது முயற்சியால் சிறார் மணத் தடைச் சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் நிரம்புமுன் மணம் முடித்தல் குற்றமென அது விதித்தது. ஆயினும் அச்சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவிற்கு மட்டுமே உரியது. ஆதலின், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லை கடந்து, பிரெஞ்சு நிலங்களிலும் சுதேச சமஸ்தானங்களிலும் மணமுடித்து மீண்டோரும் உளர். இக்குறையை உணர்ந்தே, 1938-இல் எல்லைக்கு வெளியே நிகழும் மணங்களையும் பற்றுமாறு அச்சட்டம் திருத்தப்பெற்றது. சிறுவரைக் காக்கும் சட்டம் நிலத்தோடு நின்றுவிடலாகாது, குற்றஞ்செய்வானைப் பின்தொடர்ந்து செல்லவேண்டும் என்பதே அத்திருத்தம் போதித்த பாடம்.

இன்று அவ்வெல்லையைக் கடக்க வண்டியும் மாடும் வேண்டா. கையகத்ததாகிய கைப்பேசியே போதும். பள்ளி விழாவில் எடுத்த ஒரு புகைப்படத்தைக் கொண்டே, ஒரு சிறுமி ஒருபோதும் நில்லாத நிலையில் நின்றாற்போல ஆபாசப் படம் புனையச் செயற்கை அறிவு யந்திரங்கள் இடந்தருகின்றன. அந்த யந்திரம் ஒரு தேசத்திலும், அதை ஏவியவன் மற்றொரு தேசத்திலும், அச்சிறுமி திருநள்ளாற்றிலோ நிரவியிலோ இருத்தல் கூடும். இத்தகைய தீங்கிற்கு நம் நாட்டுச் சட்டங்கள் கூறும் பரிகாரத்தை வரிசைப்படி ஆராய்வோம்.

முதலாவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2008-இல் நிறைவேறிய திருத்தத்தால் சேர்ந்த 67ஆ பிரிவு, சிறுவரை ஆபாசமாகக் காட்டும் மின்னணுப் பொருளை ஆக்குதல், பரப்புதல், தேடிப் பார்த்தல், பதிவிறக்குதல் ஆகிய அனைத்தையும் குற்றமாக்குகின்றது. முதன்முறை குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றோர்க்கு 5 ஆண்டுவரை சிறையும் 10 லட்ச ரூபாய்வரை அபராதமும் உண்டு. இச்சட்டத்தின் 75-ஆம் பிரிவோ, இந்தியாவிலுள்ள கணினியைப் பற்றிய குற்றமாயின், அதை வெளிநாட்டிலிருந்து புரிந்தோனையும் பற்றுகின்றது. 1938-இன் பாடம் ஈண்டு மறக்கப்படவில்லை.

இரண்டாவது, 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம். 2019-இல் திருத்தப்பெற்றபோது, உண்மைச் சிறுவரினின்று பிரித்தறிய வொண்ணாத கணினிப் படமும், ஆக்கியோ மாற்றியோ சிறுவரைக் காட்டுவதாய்த் தோன்றும் படமும் இதன் இலக்கணத்துள் அடக்கப்பட்டன. அத்தகைய படத்தைப் பிறர்க்கு அனுப்பும் கருத்தோடு அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருத்தலே குற்றம். 2024 செப்டம்பர் 23-ஆம் தேதி உச்சநீதிமன்றம் சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை மாற்றி இதனை வலியுறுத்தியது.

மூன்றாவது, 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயது நிரம்பாதாரின் தரவுகளைப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவின்றிக் கையாளலாகாதென்றும், அவரைப் பின்தொடர்ந்து கண்காணித்தல் ஆகாதென்றும் அது கூறுகின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்தன.

இவை யாவும் மத்திய சட்டங்கள். புதுச்சேரிச் சட்டசபைக்கும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ள விஷயங்களிற் சட்டமியற்றும் அதிகாரமுண்டு. தொலைத்தொடர்போ மத்திய அரசிற்கே உரியது. அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலம் 2025-இல், தோழரைப்போல் உரையாடும் யந்திரங்கள், தாம் மனிதரல்ல என்பதைச் சிறுவர்க்கு மூன்று மணி நேரத்திற்கொருமுறை நினைவூட்டவேண்டுமென்று சட்டமியற்றியது. உரையாடும் யந்திரத்தால் சிறுவர் மனத்திற்கு விளையும் கேட்டைப் பற்றி நாம் மேலே கண்ட மூன்று சட்டங்களும் நேரே பேசவில்லை. ஈதொரு குறையேயாம்.

'படம் பொய்யாயின் தீங்கு யாது? எந்தச் சிறுமியும் தொடப்படவில்லையே!' என்று ஆட்சேபிப்பார் உளர். அதற்கு நாம் கூறும் சமாதானமாவது: படம் பொய், முகம் மெய். அம்முகத்திற்குரியாள் தெருவில் நடக்க நாணுவதும் மெய். வீட்டார் அவளையே கடிந்து பள்ளியினின்று நிறுத்துவராயின் அவள் இழக்கும் கல்வியும் மெய். பொய்யால் விளையும் புண் பொய்ப்புண் அன்று.

மாணாக்கரே, இப்படங்களை ஆக்குவோர் எங்கோ இருக்கும் கயவர் மட்டுமே என்று எண்ணற்க. விளையாட்டென்று புனைபவரும், நகைப்பென்று அனுப்புபவரும் உடன்பயிலும் தோழராகவும் இருத்தல் கூடும். ஒருமுறை அனுப்பிய படத்தை எச்சட்டமும் முற்றிலும் மீட்டுத் தாராது. ஆகவே, அத்தகைய படம் உங்கள் கைக்கு வரின் பிறர்க்கு அனுப்பாதீர். அவளை வினவி வருத்தாதீர். நம்பத்தக்க ஆசிரியரிடமோ, 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணுக்கோ, காவல் நிலையத்திற்கோ உடனே அறிவியுங்கள். 2019 முதல் இயங்கும் தேசிய இணையக்குற்ற முறையீட்டுத் தளத்தில் பெயர் வெளியிடாமலும் அறிவிக்கலாம். பெற்றோர்க்கும் ஒன்று: பெண் குற்றமற்றவள் என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள், முறையீடு பின்னர் ஆகுக.

சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி பணித்த பெருமானின் பெயரால் நிறுவப்பெற்ற கலாசாலையிற் பயில்வோர் நாம். சட்டத்தின் கை சென்றெட்டுமுன் நம் கை சென்று காத்தல் நமக்குக் கடனாம்.