ரோட்டோரக் கடையில் ஒரு ரொட்டிப் பாடம்



"ரொட்டில என்னப்பா பாடம் இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்க ஆயாவுக்கு உடம்பு சரியில்லாம போன பிறகுதான் இதெல்லாம் தேடிப் படித்தேன். அதனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம் அப்பா வண்டியில் ஆயா ஊருக்குப் போவோம். விழுப்புரம் ரோடு. வில்லியனூர் வரைக்கும் நம்ம புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்தால் திரும்பவும் புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு! பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர்கள் இப்படித் துண்டு துண்டாகத்தான் இருந்தன. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியபோது அந்தத் துண்டுகள் அப்படியே புதுச்சேரியாக நின்றுவிட்டன. (வரலாறு பரீட்சைக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.)

அந்த ரோட்டில் ஒரு கடை. ஊர் பேர் வேண்டாம். பாதி மளிகை, பாதி பேக்கரி. ஒரு பக்கம் பருப்பு மூட்டை, எண்ணெய் பாக்கெட், சோப்பு, சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு. இன்னொரு பக்கம் கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன், வர்க்கி, ரஸ்க், கிரீம் வைத்த கேக். வாசலில் டீ பாய்லர். அப்பா டீ குடிப்பார், நான் பன் சாப்பிடுவேன். ஆயாவுக்கு ஒரு பாக்கெட் ரொட்டி வாங்குவோம். பல் இல்லாததால் டீயில் நனைத்துச் சாப்பிடுவாங்க.

அன்றைக்கு ரொட்டியை எடுத்தது நான்தான். அடுக்கிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தேன், காசு கொடுத்தேன், பையில் போட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஆயா இரண்டு துண்டு சாப்பிட்டு முடித்துவிட்டாங்க. மூன்றாவது துண்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி. நான், "ஆயா, பூசணம் பூத்திருக்கு, வேணாம்"னு சொன்னேன். "அட, அந்த எடத்தக் கிள்ளிப் போட்டுட்டுச் சாப்பிட்டா ஒண்ணும் ஆவாது. காசு குடுத்து வாங்குனதுடா"ன்னு சொல்லிட்டு அதையும் சாப்பிட்டாங்க. மதியத்துக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு. ராத்திரி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரொட்டியால்தான் என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கவரைப் பார்த்தேன். அதில் போட்டிருந்த தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். படிக்கத் தெரிந்த நான் பார்க்கவில்லை. இது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

ரொட்டி எப்படி உப்புகிறது? நம்ம இட்லி மாவு போலத்தான். இட்லி மாவில் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் தானாக வந்து சேர்ந்து புளிக்க வைக்கின்றன. ரொட்டி மாவில் ஈஸ்ட்டை நாமே சேர்க்கிறோம். அதன் அறிவியல் பெயர் சாக்கரோமைசஸ் செரிவிசியே. அது மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடுகிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் ரப்பர் மாதிரி இழுபட்டு அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் ரொட்டியை அறுத்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. அரிசி மாவில் குளூட்டன் கிடையாது. அதனால் அரிசியில் இந்த மாதிரி ரொட்டி வராது. நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிரிகளின் வேலை என்பதை 1857-லிருந்து ஆய்வு செய்து காட்டியவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடி தடுப்பூசிப் பாடத்தில் வருவாரே, அவரேதான்.

நம்ம பக்கம் கோதுமை விளைவதில்லை. இந்த மாதிரி உப்பின ரொட்டி கப்பலில் வந்தவர்களோடு வந்த பழக்கம். போர்ச்சுகீசியர்கள் ரொட்டியைச் சொல்லும் சொல்லிலிருந்துதான் மும்பையின் 'பாவ்', இலங்கைத் தமிழர்களின் 'பாண்', ஜப்பானியர்களின் 'பான்' எல்லாம் வந்தன. கோவாவில் அந்தக் காலத்தில் ஈஸ்ட் கிடைக்காமல் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். ஆப்ப மாவுக்குக் கள்ளு ஊற்றுவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே வேலைதான். புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தது 1674-ல். அவர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் நீள ரொட்டி நம்ம டவுனை விட்டுப் போகவில்லை. அதைப் பிரெஞ்சில் 'பகெத்' என்பார்கள்.

பகெத்தில் ஒரு விஷயம் கவனிக்கணும். காலையில் மொறுமொறுவென்று இருக்கும். மறுநாள் அதால் ஒருத்தரை அடிக்கலாம்! அவ்வளவு கட்டை. ஆனால் கடையில் விற்கிற பாக்கெட் ரொட்டி நாலைந்து நாள் மெத்தென்றே இருக்கிறது. ஏன்? பகெத்தில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான். 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று பேர் போட்டு விற்பதில் ரசாயனச் சேர்க்கை எதுவும் இருக்கக்கூடாது என்று பிரான்சில் 1993-ல் அரசாணையே போட்டார்கள். 2022-ல் யுனெஸ்கோ பகெத் செய்யும் கைத்தொழிலைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாக்கெட் ரொட்டியில் எண்ணெய், சர்க்கரை, பூஞ்சை வராமல் தடுக்கக் கால்சியம் புரோப்பியோனேட் எல்லாம் சேர்க்கிறார்கள். கவரில் '282' என்று போட்டிருந்தால் அதுதான். அளவோடு சேர்க்க அனுமதி உண்டு, பயப்பட வேண்டாம்.

அனுமதி இல்லாதது ஒன்று உண்டு. பொட்டாசியம் புரோமேட். மாவு நன்றாக எழும்ப வேண்டும் என்று நம் நாட்டில் சேர்த்துவந்தார்கள். புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும் என்று பல நாடுகள் முன்பே தடை செய்திருந்தன. 2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ரொட்டி மாதிரிகளைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே இந்தியாவிலும் தடை வந்தது. யாரோ ஒருத்தர் கவரையும் ரொட்டியையும் கவனித்துப் பார்த்ததால்தானே இது நடந்தது!

இப்போது பூசணத்துக்கு வருவோம். ரொட்டி காய்ந்து போவது வேறு, கெட்டுப் போவது வேறு. காய்ந்த ரொட்டியில் மாவுச்சத்து மறுபடி இறுகிப்போயிருக்கும். சூடு பண்ணினால் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிடும், சாப்பிடலாம். (ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரமே இறுகும். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.) பூசணம் அப்படியில்லை. அடுப்பின் சூட்டில் பூஞ்சை செத்துவிடும். பிறகு காற்றிலிருந்தும், கையிலிருந்தும், துண்டு போடும் கத்தியிலிருந்தும் அதன் வித்துகள் வந்து ஒட்டுகின்றன. சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டுக் கட்டினால் உள்ளே வேர்க்கும். அந்த ஈரம் போதும். நம்ம புதுச்சேரி கடலோரம், காற்றே ஈரம்தான்.

நாம் பார்க்கிற பச்சைப் புள்ளி பூஞ்சையின் தலை மாதிரி. அதன் இழைகள் ரொட்டியின் ஓட்டைகள் வழியாக உள்ளே ஓடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சில பூஞ்சைகள் நஞ்சையும் உண்டாக்கும். அது டோஸ்ட் போட்டாலும் போகாது. ஆகவே கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிடுவது தப்பு. மோந்து பார்ப்பதும் தப்பு, வித்துகள் மூக்குக்குள் போகும். அந்தப் பாக்கெட்டையே தூக்கிப் போடணும். இதைத்தான் நான் ஆயாவிடம் அடித்துச் சொல்லியிருக்கணும்.

கவரில் என்ன பார்ப்பது? தேதிதான் முதல். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு விற்கவே கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது அதுவரை ருசி, தரம் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். தேதி பெரும்பாலும் கவர் ஒட்டுகிற மடிப்பில், அழிந்த மாதிரிதான் இருக்கும். விரித்துப் பாருங்கள். அடுத்து 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். 2006-ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இது வேண்டும். இது மத்தியச் சட்டம். கடை புதுச்சேரித் துண்டில் இருந்தாலும் தமிழ்நாட்டுத் துண்டில் இருந்தாலும் ஒன்றுதான். கேக் வாங்கும்போது பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா என்று சைவக்காரர்கள் பார்க்கணும்; முட்டை சேர்த்தால் நம் சட்டத்தில் அசைவம்.

விலைக்கு ஒரு சின்னக் கணக்கு. 350 கிராம் ரொட்டி 45 ரூபாய், 400 கிராம் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது லாபம்? முதலாவதில் 100 கிராம் சுமார் 12 ரூபாய் 86 காசு. இரண்டாவதில் 12 ரூபாய் 50 காசு. 45 என்று பார்த்ததும் கை தானாக முதல் பாக்கெட்டுக்குப் போகும், பாருங்கள்! கவரில் போட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. 'கூலிங் சார்ஜ்' என்பதெல்லாம் சட்டத்தில் கிடையாது. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கடையில் மறுபடி நின்றோம். நான் காலிக் கவரைக் கொண்டுபோயிருந்தேன். அப்பா சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர், "நீதானே வாங்குன, நீயே பேசு" என்று டீயை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றுவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. "அண்ணா, போன வாரம் இங்க வாங்கினேன், தேதி முடிஞ்சிருந்துச்சு, எங்க ஆயாவை ஆஸ்பத்திரில சேர்த்தோம்" என்று சொன்னேன். கடைக்காரர் முதலில் "நம்ம கடைல இருக்காதே தம்பி" என்றார். பிறகு கவரை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் அவரே சொன்னார். லைன் வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். விற்காத ரொட்டியை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பையன் புது ரொட்டியை முன்னாடியே அடுக்கிவிட்டால் பழசு பின்னாடி மாட்டிக்கொள்ளும், வண்டிக்காரர் கண்ணில் படாது. "பழசு முன்னாடி, புதுசு பின்னாடி இருக்கணும். அவசரத்துல யாரு பாக்குறா" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தார். ஆயா எப்படி இருக்காங்க என்று கேட்டார். பிறகு என்னிடம், "கொஞ்சம் இரு தம்பி, இதெல்லாம் படிச்சுச் சொல்லிட்டுப் போ" என்று அடுக்கைக் காட்டினார். பதினேழு பாக்கெட். ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு, தேதி தாண்டியது. எடுத்துத் தனியாக வைத்தார். அப்பாவின் டீ ஆறிப்போயிருந்தது.

செய்து பாருங்கள்: மூன்று ரொட்டித் துண்டுகள் எடுத்து மூன்று கவரில் போடுங்கள். ஒன்று அப்படியே, ஒன்று நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஒன்று ஃபிரிட்ஜில். கவரை இறுகக் கட்டிவிட்டுத் தினமும் வெளியிலிருந்தே பார்த்து எழுதுங்கள். திறக்கவே கூடாது, முடிந்ததும் அப்படியே குப்பையில் போடணும். நான் செய்தபோது தண்ணீர் தெளித்ததில் மூன்றாம் நாளே புள்ளி வந்தது. உங்களுக்கு எத்தனையாவது நாள் வருகிறது என்று எழுதி இந்தத் தாளுக்குக் கீழே குண்டூசியில் குத்தி வையுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்