மூளையின் ராம் எவ்வளவு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம், "சொல்லித் தந்தது உடனே மறந்துவிடுகிறது. வயதாகிவிட்டது!" என்கிறார்கள். பல நேரங்களில் காரணம் வயது அல்ல, கவனம்தான்.

கம்ப்யூட்டரில் நாம் செய்யும் வேலை முதலில் ராம் மெமரியில் இருக்கும். சேவ் செய்தால்தான் டிஸ்க்கில் பதியும். மூளையிலும் இதுபோன்ற தற்காலிக நினைவகம் உண்டு. அதில் ஒரே சமயத்தில் சுமார் 7 விஷயங்கள் நிற்கும் என 1956ல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001ல் நெல்சன் கோவன் அதைச் சுமார் 4 எனக் குறைத்தார்.

ராமில் இருப்பது மின்சாரம் போனால் அழியும். மூளையில் இருப்பதோ கவனம் திரும்பினாலே போய்விடும். 1959ல் நடந்த ஒரு சோதனையில் 3 எழுத்துகளைச் சொல்லி, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ண வைத்தார்கள். 18 விநாடிகளில் எழுத்துகள் பெரும்பாலும் மறந்துபோயின.

எனவே ஒரு கட்டளையைக் கற்கும்போது மற்ற விண்டோக்களை மூடிவிடுங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள். கற்றதை உடனே நீங்களே செய்து பாருங்கள். மறுநாள் குறிப்பைப் பார்க்காமல் மீண்டும் செய்யுங்கள். மூளைக்கு அதுதான் சேவ். கூடுதல் ராம் வாங்கிப் பொருத்த மூளையில் இடம் கிடையாது. இருப்பதைச் சிதறாமல் பயன்படுத்தலாம்.