உப்பளத்தில் பனி: ஒரு கதையை ரெண்டு பேர் எழுதுவது எப்படி?

ஆரோவிலைத் தாண்டி ஈ.சி.ஆரில் வடக்கே போனால் மரக்காணம். எங்க அம்மா ஊர். வெயில் காலத்தில் பஸ் ஜன்னல் வழியே உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அந்த பஸ்ஸில்தான் நானும் என் ரூம்மேட்டும் ஒரு நகைச்சுவைக் கதையை ஆரம்பித்தோம். ஒரு முறை நான், ஒரு முறை அவன். வாட்ஸப்பில் தொடர்ந்தது.

முதல் முறை என்னுடையது. ஆரோவிலிலிருந்து மொபெட்டில் வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், உப்பளத்தோரம் டீக்கடை மாமாவிடம் "இது பனியா?" என்று கேட்கிறார். மாமா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைக்கிறார். அதோடு நிறுத்தி அனுப்பினேன். அவன் எழுதினான்: "பனிதாங்க. போன வருஷத்து ஸ்டாக், அதான் கரிக்குது." சரி, அப்போ குவியலுக்கு மேலே ஏன் கீற்று போட்டு மூடியிருக்கு என்று வெளிநாட்டுக்காரரைக் கேட்க வைத்தேன். பதில் உடனே வந்தது: "பனிக்குக் குளிராதா சார்?"

ரெண்டு ஜோக்கிலும் பாதிதான் என்னுடையது. தனியா எழுதியிருந்தா எனக்கு ரெண்டுமே வந்திருக்காது.

ஆறாவது முறையில் அவன் சறுக்கினான். ஐப்பசி அடைமழையில் வெளிநாட்டுக்காரர் திரும்பி வர, மாமா பாத்தியிலிருந்து புது உப்பை வாரிக் காட்டுகிறார். மழைக்காலத்தில் உப்பு விளையாது, பாத்தி முழுக்க மழைத்தண்ணிதான் நிற்கும். உப்பளத்து ஊர்க்காரன் என்ற திமிரில் நான் எழுதினேன்: "மாமா திடுக்கிட்டு எழுந்தார். அத்தனையும் கனவு." நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. ஒரே ரூமில் ரெண்டு வாரம் பேச்சில்லை. மெஸ்ஸில் வேற டேபிள்.

அந்த ரெண்டு வாரத்தில்தான் இரட்டைப் புலவர்களைப் பற்றிப் படித்தேன். இளஞ்சூரியர், முதுசூரியர். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்கு நடக்க முடியாது. கண் தெரியாதவர் தோளில் மற்றவர் உட்கார்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போனார்கள். 500 வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்தவர்கள். வெண்பாவுக்கு நாலு அடி. ஒருவர் முதல் ரெண்டு அடி, அடுத்தவர் மீதி ரெண்டு.

திருவாரூரில் அவர்கள் சிவனையே கிண்டல் செய்து ஒரு பாட்டைத் தொடங்கிய கதை ஒன்று உண்டு. திரிபுரம் எரித்த வில்லைப் பாரு: நாண் என்று கட்டியது பாம்பு, அதில் விஷம். வில்லோ மலை, வெறும் கல்லு. அம்பு...? அங்கே மாட்டிக்கொண்டார்கள். பாதியைக் கோயில் சுவரில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் மீதியைக் காளமேகம் முடித்து வைத்திருக்கிறார். அம்பாக இருந்தவர் திருமால், அவர் மண்ணை உண்டவர் ஆச்சே! ஆக அதுவும் மண் தின்ற அம்பு. இதையெல்லாம் வெச்சுக்கிட்டு எப்படி ஐயா மூணு ஊரை எரிச்சீங்க?

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பது. விஷம், கல்லு என்று ரெண்டு படி ஏறி, மூன்றாவது படியின் வாசலில். அடுத்தவருக்குத் திசை தெரிகிறது, விடை மட்டும் பாக்கி. நீங்க எழுதும்போதும் அப்படியே நிறுத்துங்க. கேள்வியில், அல்லது ஒரு ஆள் வாயைத் திறக்கும் நேரத்தில். ஜோக்கை முழுசா முடிச்சுட்டு "இப்ப நீ எழுது"ன்னு அனுப்பினா அவன் என்னத்தை எழுதுவான்? முறை ஒன்றுக்கு நூறு வார்த்தை போதும். நீளமா எழுதுறவன் அடுத்தவன் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கிறான்.

என்னை உலுக்கியது இன்னொரு கதை. விழுப்புரம் பக்கம் திருவாமாத்தூர். மரக்காணமும் இதே மாவட்டம்தான். அந்த ஊர்க் கோயில்மேல் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். கேட்டவர்கள் தப்பைச் சுட்டிக்காட்டினார்கள். பாட்டு மாறவில்லை. ராத்திரி வெள்ளம் வந்து ஆறே தடம் மாறி ஓடி, பாட்டு சரியாகிவிட்டதாம்.

நடந்ததா இல்லையா என்பது வேற விஷயம். கூட எழுதுறவனுக்கு இதைவிட நல்ல டிப்ஸ் எனக்குத் தெரியாது. நண்பன் எழுதினது தப்புதான். ஆனா அதை அழிக்காம, அது சரியாகுற மாதிரி ஆற்றைத் திருப்பணும். "கனவு" என்று எழுதி நான் அவனுடைய முறையையே ரப்பர் போட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி என் மெசேஜை நீக்கிவிட்டு மறுபடி எழுதினேன்: மழையில் உப்பு வந்தது எப்படி? வெளிநாட்டுக்காரர் முன்னால் ஊர் மானம் போகக்கூடாதென்று, மாமா முந்தின ராத்திரியே மளிகைக் கடையில் நாற்பது பாக்கெட் உப்பு வாங்கி, டார்ச் அடித்துக்கொண்டே பாத்தியில் கொட்டியிருக்கிறார். மரக்காணத்துக்காரர், கடையில் காசு கொடுத்து வாங்கிய உப்பு! வெளிநாட்டுக்காரர் சேற்றிலிருந்து ஒரு காலி பாக்கெட்டை எடுக்கிறார். அதைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பிக்கிறார்.

அங்கே நிறுத்தி அனுப்பினேன். மேல் பெர்த்தில் போன் வெளிச்சம் எரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கட்டில் குலுங்கிச்சு, சிரிக்கிறான். இப்போ "டைப் செய்கிறார்" என்று காட்டுது.