பால்வாடி டீச்சருக்குத் துணை நிற்பது எப்படி? மும்பைக்கான முழுமையான வழிகாட்டி

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் பால்வாடிக்குள் காலையில் நுழைந்தால் நாலு மொழி காதில் விழும். பிள்ளை வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். சந்தில் கூட்டாளிகளோடு இந்தி. சுவரில் மாட்டியிருக்கும் படங்களுக்குக் கீழே மராத்தி. கூட்டிப்போக வரும் அம்மா கேட்பதோ, "ஏபிசிடி எது வரைக்கும் வந்திருக்கு டீச்சர்?" இதற்கெல்லாம் நடுவே நிற்கும் டீச்சர் பெரும்பாலும் அதே சந்தில் வளர்ந்த பெண். இரண்டு மூன்று மொழி சரளமாக வரும். அதை வகுப்பில் எப்போது, எப்படி எடுத்து விடுவது என்று யாரும் அவரோடு உட்கார்ந்து பேசியதில்லை.

இந்த வழிகாட்டி அவர் பக்கத்தில் உட்காரப் போகிற உங்களுக்கு. நீங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம், தொண்டு நிறுவனத்தில் 'மென்டார்' என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், நாலைந்து பால்வாடிகளைக் கவனிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட மூத்த டீச்சராகவும் இருக்கலாம்.

முகாமும் இல்லை, இன்ஸ்பெக்‌ஷனும் இல்லை

பயிற்சி முகாம் என்றால் ஒரு ஹால், சார்ட் பேப்பர், டீ, கடைசியில் சான்றிதழ். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ரெஜிஸ்டர். நீங்கள் செய்யப்போவது வேறு: அதே டீச்சரின் அதே வகுப்புக்குத் திரும்பத் திரும்பப் போய், பார்த்து, பேசி, ஒரு மாற்றத்தைச் சேர்ந்து செய்து பார்ப்பது. முகாமில் கற்றது இப்படி ஒரு துணை இல்லாமல் வகுப்பறை வரை போய்ச் சேர்வதில்லை என்று அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதினார்கள். 2018இல் மேத்யூ கிராஃப்டும் அவர் கூட்டாளிகளும் 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படித் துணை நிற்பதால் கற்பித்தலும் மேம்படுகிறது, பிள்ளைகளின் கற்றலும் மேம்படுகிறது என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் இளைத்துப் போகிறது. ஆகவே, "இருபது சென்டர் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் ஐந்தாறு டீச்சர்கள் போதும்.

மும்பைக்கு இது வெளியிலிருந்து வந்த யோசனையும் அல்ல. தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945இல் மும்பைக்கு வடக்கே போர்டி கிராமத்தில் பால்வாடிகளைத் தொடங்கியபோது, பிள்ளைகள் வராவிட்டால் பிள்ளைகள் இருக்கும் முற்றத்துக்கே போனார்கள். 1995இல் மாதவ் சவானும் ஃபரீதா லாம்பேயும் தொடங்கிய பிரதம் தொண்டு நிறுவனம், குடிசைப் பகுதிப் பெண்களையே டீச்சராக்கி, கிடைத்த இடத்தில் வகுப்பு நடத்தியது. 2003இல் வந்த முக்தாங்கன் தொண்டு நிறுவனம், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து அவர்களையே மாநகராட்சிப் பள்ளி வகுப்புகளில் நிறுத்தியது. டீச்சர் அதே தெருக்காரராக இருக்கலாம், அவருக்குத் தொடர்ந்து துணை வேண்டும் என்பதை இந்த ஊர் எப்போதோ கண்டுகொண்டது.

படி 1: டீச்சரின் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் முறை போகும்போது நோட்டை எடுக்காதீர்கள். அங்கன்வாடி சேவிகாவாக இருந்தால் அவர் நாளில் எடை பார்ப்பது, சூடான சாப்பாடு, தடுப்பூசி, வீடு வீடாகப் போவது, போஷன் டிராக்கர் செயலியில் பதிவு எல்லாம் உண்டு. நடுவில் சர்வே வேலை வந்து விழும். தனியார் நர்சரி என்றால் பக்கம் பக்கமாக ஹோம்வொர்க் திருத்த வேண்டும். பாடம் நடத்த உண்மையில் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் யோசனை எதுவும் அந்த நிமிடங்களுக்குள் அடங்க வேண்டும்.

தரையைத் துடைக்க, தட்டு எடுத்து வைக்க, அழும் பிள்ளையைத் தூக்கக் கை கொடுங்கள். உதவியாளரான மதத்னீஸிடமும் பேசுங்கள். பிள்ளைகளின் வீட்டுக் கதை பாதி அவருக்குத்தான் தெரியும்.

படி 2: மொழிக் கணக்கு எடுங்கள்

வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கேள்வி. வீட்டில் அம்மா என்ன மொழியில் பேசுகிறார்? பிள்ளை பதில் எதில் சொல்கிறது? பகலில் பார்த்துக்கொள்வது யார்? இதை டீச்சரோடு சேர்ந்து எழுதுங்கள். பல டீச்சர்களுக்கு இந்தப் பட்டியலே முதல் ஆச்சரியமாக இருக்கும்.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். தாராவியில் ஒரே பாயில் தமிழ், உருது, போஜ்புரி, மராத்திப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். செம்பூரைத் தாண்டி டிராம்பேயில், 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களை வைத்து உருவான சீத்தா கேம்ப்பிலும் அப்படித்தான். மாட்டுங்காவிலும் செம்பூர் செடா நகரிலும் பிரச்சினை தலைகீழ்: டீச்சருக்கும் தமிழ் தெரியும், பிள்ளைக்கும் பாட்டியிடமிருந்து தமிழ் வந்திருக்கும், ஆனால் நர்சரி வாசலுக்குள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற எழுதாத சட்டம் இருக்கும். அங்கே நீங்கள் டீச்சரோடு பேசுமுன் பிரின்ஸிபாலோடு பேச வேண்டும்.

படி 3: உட்கார்ந்து பாருங்கள், பிள்ளையைப் பாருங்கள்

புதிதாக வருகிற மென்டார் எல்லாரும் டீச்சரையே பார்ப்பார்கள்: குரல் சத்தமாக இருக்கிறதா, போர்டில் எழுத்து அழகாக இருக்கிறதா. அதை விட்டுவிடுங்கள். மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள வகுப்பின் தரத்துக்கு நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள், எத்தனை பிள்ளைகள் பேசுகிறார்கள்.

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். வலப்பக்கம், அதன் பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஓரத்தில் த, ம, இ, ஆ என்று மொழியைக் குறியுங்கள். பத்து நிமிடம் போதும். "டீச்சர், பானி கொட்டிருச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். இரண்டு மொழியில் வளரும் பிள்ளை இப்படிக் கலந்து பேசுவது குழப்பம் அல்ல, கைவசம் உள்ளதை வைத்துக் காரியம் முடிக்கிறது. "தண்ணின்னு சொல்லு" என்று அதட்டினால் அடுத்த முறை தண்ணீர் கொட்டினாலும் சொல்லாது.

கடைசியில், ஒரு தடவை கூட வாய் திறக்காத பிள்ளைகள் யார் என்று குறியுங்கள். புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் கூட அமைதியாக இருந்து கேட்டுக்கொண்டிருக்கும். அதை மந்தம் என்று முத்திரை குத்த வேண்டாம். ஆனால் வீட்டில் தமிழிலும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அம்மா சொன்னால் காத்திருக்காதீர்கள். பாந்த்ராவில் அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. காதுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: வகுப்பு முடிந்ததும் பேசுங்கள்

அன்றைக்கே பேசுங்கள், பிள்ளைகள் போன பிறகு, மற்றவர் காதில் விழாமல். "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா..." என்று தொடங்கினால் 'ஆனா'வுக்குப் பிறகு உள்ளதுதான் டீச்சர் மனதில் நிற்கும். நோட்டில் எழுதியதை எடுத்துக் கேள்வியாகக் கேளுங்கள்.

"சிவப்புச் சட்டைப் பையன் ஆட்டுக்குட்டிப் படத்தைப் பார்த்து ஏதோ சொன்னானே?"

"எங்க ஆச்சி வீட்டுலயும் இருக்குன்னான்க்கா. நேரமாச்சேன்னு நான் அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன்."

"கொஞ்சம் நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"ஊருக்குப் போன கதைய எடுத்திருப்பான். மே மாசம்தானே போயிட்டு வந்தாங்க."

இதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எங்கே நின்றிருக்க வேண்டும் என்று டீச்சரே கண்டுபிடித்துவிட்டார். அமைதியாக இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பாடம், அதுவும் வாழ்நாளெல்லாம் வகுப்பில் நின்று பேசிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு.

படி 5: ஒரே ஒரு மாற்றம்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எதை எடுப்பது என்று டீச்சர் தேர்ந்தெடுக்கட்டும். தொடக்கத்துக்கு எளியவை சில:

கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருப்பது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளுகிறது என்று மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இரண்டு மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு அந்த நேரம் இன்னும் அவசியம்.

பிள்ளை சொன்னதை நீட்டித் திருப்பிக் கொடுப்பது. "பஸ்" என்றால், "ஆமா, சிவப்பு பஸ். நீ எதுல ஏறி வந்த?" பிள்ளை தமிழில் சொன்னதை மராத்தியிலும் நீட்டலாம். திருத்துகிற தொனி மட்டும் வரக்கூடாது.

கதைப் புத்தகத்தை மொழி பிரித்து வாசிப்பது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல டீச்சர்களும் தடுமாறுகிறார்கள். ஒரு வரி மராத்தி, உடனே தமிழ், மறுபடி மராத்தி என்று வாசித்தால், பிள்ளை தெரிந்த மொழி வரும்வரை சும்மா இருந்துவிடும். மற்ற மொழி காதில் ஏறாது. அதற்குப் பதில், முதல் நாள் முழுக் கதையும் தமிழில்: நிறையக் கேள்வி, நிறையப் பேச்சு. அடுத்த நாள் அதே புத்தகம் மராத்தியில்: படத்தைக் காட்டி, நடித்து. கதை ஏற்கெனவே புரிந்திருப்பதால் பிள்ளை மொழியை மட்டும் பிடித்தால் போதும். ஒரு மொழியில் வேரூன்றிய கருத்து அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979இல் சொன்னதன் நடைமுறை வடிவம் இதுதான். பாய் முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகளாக இல்லாவிட்டால், டீச்சருக்குத் தெரியாத மொழிக்கு ஒரு பிள்ளையின் அம்மாவையோ நானியையோ வாரம் ஒரு நாள் கதை சொல்லக் கூப்பிடலாம்.

படி 6: நீங்களே நடத்திக் காட்டுங்கள்

சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு நாள் நீங்கள் கதை வாசியுங்கள், டீச்சர் நோட்டெடுக்கட்டும். பிள்ளைகள் உங்கள் மடியில் ஏறி, புத்தகத்தைக் கிழித்து, நடுவில் ஒன்று அழுது, எல்லாம் நடக்கும். நடக்கட்டும். அதன் பிறகு டீச்சர் உங்களிடம் பேசும் தொனியே மாறிவிடும்.

படி 7: பெற்றோரைப் பகைக்காதீர்கள்

ஆங்கிலம் கேட்கிற அப்பா முட்டாள் அல்ல. எது வேலை வாங்கித் தரும் என்று அவருக்குத் தெரியும். 2020 தேசியக் கல்விக் கொள்கை குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை, முடிந்த இடமெல்லாம், தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது என்று அவரிடம் படித்துக் காட்டுவதால் பயன் இல்லை. அதற்குப் பதில், அதே ஆண்டு மகாராஷ்டிரம் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மராத்தியைக் கட்டாயமாக்கியதைச் சொல்லுங்கள். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் உண்டு என்று சொல்லுங்கள். பிறகு அவர் பிள்ளை தமிழில் கதை சொல்வதைக் கேட்கவிடுங்கள். தமிழில் நாலு வரி கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நாலு வரி சொல்வது சுலபம் என்பதை, அதைக் கேட்டபின் அவரே ஒப்புக்கொள்வார்.

பொருளுக்குச் செலவு வேண்டாம்

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், மராத்தி, இந்திப் படக்கதைகள் இலவசம். பல கதைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கிடைக்கும். சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் நல்லவை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தை ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது வாங்கி வரச் சொல்லுங்கள்.

உங்களால் முடியாதது

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் செய்த ஆய்வில், அரைநாள் வேலைக்கு இன்னொரு ஆளைப் போட்டதும் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. சம்பளமும் போதவில்லை: மகாராஷ்டிர சேவிகாக்கள் 2023 டிசம்பரில் மதிப்பூதியத்துக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜனவரி வரை நீண்டது. தனியாளாக, குறைந்த சம்பளத்தில் நிற்கும் டீச்சருக்கு எந்த மென்டாரும் அந்த இன்னொரு ஜோடிக் கைகளைத் தர முடியாது. பாடத்துக்கு எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று படி 1இல் கணக்குப் பார்த்தீர்கள் அல்லவா? அந்தக் கணக்கைப் பத்திரமாக வையுங்கள். வார்டு ஆபீஸிலோ நிறுவனத்தின் மீட்டிங்கிலோ உங்களைப் பேசச் சொன்னால், உங்கள் கோச்சிங் பெருமையைப் பேசாமல், அந்தக் கணக்கைக் காட்டி ஒவ்வொரு பால்வாடிக்கும் இன்னொரு ஆளைக் கேளுங்கள்.