ஐப்பசிக்கு முன் உல்லன் நூல்: கொள்முதலும் மாதிரித் தேர்வும்

திருச்சியில் குளிர் என்று சொன்னால் வடநாட்டவர் சிரிப்பார்கள். மார்கழி, தை மாதங்களிலும் நமது ஊரின் இரவு வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. இருந்தும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உல்லன் நூல் கேட்டுக் கடைக்கு வருவோர் இருக்கவே செய்கிறார்கள். பேரக் குழந்தைக்குப் பின்னும் பாட்டிமார், விடியற்காலையில் அம்மா மண்டபத்துக்கு நீராடச் செல்லும் பெரியவர்கள், வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் முன்பே ஸ்ரீரங்கத்தில் வரிசையில் நிற்பவர்கள், டில்லியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்புகிறவர்கள், பொன்மலை ரயில்வே காலனியிலும் பெல் டவுன்ஷிப்பிலும் வாழும் வடஇந்தியக் குடும்பத்தினர் என இவர்கள் பலதரப்பட்டவர்கள். மளிகையோடு பேன்சி சாமான்களும் வைத்திருக்கும் நமது அங்கத்தினர்கள் இந்த வியாபாரத்தைக் கவனித்துச் செய்தால் நல்ல லாபம் உண்டு. கவனியாமல் செய்தால் முதல் அலமாரியில் முடங்கும்.

சாலையோரத்தில் விற்கும் ஆயத்த ஸ்வெட்டரோடு நாம் விலையில் போட்டியிட முடியாது. அது தேவையும் இல்லை. நூல் வாங்க வருகிறவர் ஒரு மாத உழைப்பைப் போடப் போகிறவர். அந்த உழைப்பு வீணாகாதபடி நூல் எடுத்துக் கொடுக்கிற கடையைத்தான் அவர் மறுபடி தேடி வருவார்.

ஆகவே நிறத்தைக் காட்டுவதற்கு முன், "யாருக்கு, எந்த ஊரில் போட்டுக்கொள்ள?" என்று கேளுங்கள். திருச்சியிலேயே போடுவதற்கென்றால் 4 பிளை எனப்படும் மெல்லிய நூலும், கையில்லாத மாதிரியும் போதும். டில்லி குளிருக்கென்றால் டபுள் நிட்டிங் எனப்படும் தடித்த நூலில் முழுக்கை. தலைவழியாக மாட்டும் புல்லோவர் வாலிபர்களுக்குச் சரி. தோள் வலி உள்ள பெரியவர்களும், கொண்டையில் பூ வைத்திருக்கும் பெண்மணிகளும் முன்பக்கம் பட்டன் வைத்த மாதிரியையே விரும்புவார்கள். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து சிறிது. அதற்குத் தோளில் பட்டன் வைத்துத் திறக்கும் மாதிரியைச் சொல்லுங்கள். நூலோடு இரண்டு பட்டனும் விற்பனையாகும்.

மாதிரிக்கும் நூலுக்கும் பொருத்தம் வேண்டும். கயிறு போல் முறுக்கி வரும் டிசைனைக் கறுப்பு, கருநீல நூலில் பின்னினால் அது கண்ணுக்கே தெரியாது. பல நிறம் கலந்த நூலிலும் அப்படியே. இத்தகைய வேலைப்பாட்டுக்கு வெளிர்நிறத்தில் ஒரே வண்ண நூல்தான் எடுக்கும். கலப்பு நிற நூலுக்குச் சாதாரண நேர்ப் பின்னலே அழகு. முறுக்கு டிசைனுக்கு ஏறக்குறைய கால் பங்கு வரை கூடுதல் நூல் செலவாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஊசியின் எண்ணில் பலருக்கும் குழப்பம் உண்டு. பழைய ஆங்கிலேயர் முறைப்படி எண் கூடக் கூட ஊசி மெலிதாகும். 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர். 10-ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். டபுள் நிட்டிங் நூலை 8-ஆம் நம்பர் ஊசியில் பின்னினால் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்பது பொதுக் கணக்கு. சிலர் கை தளர்வாக இருக்கும். 20 கண்ணியே வரும். 100 சென்டிமீட்டர் சுற்றளவுக்கென்று 220 கண்ணி ஏற்றி அப்படிப் பின்னினால், முடியும்போது அது 110 சென்டிமீட்டராக இருக்கும். வேலை முடிந்த பின் வரும் இந்தப் புகார் கடைசியில் நூலின் மேல்தான் விழும். "முதலில் ஒரு சாண் அளவு பின்னிப் பாருங்கள் அம்மா" என்று சொல்லிக் கொடுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு உருண்டையின் லேபிளிலும் நிற எண்ணோடு லாட் எண் என்று ஒன்று இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் சாயம் ஏறிய நூலுக்கு ஒரே லாட் எண். நிற எண் ஒன்றாக இருந்தும் லாட் மாறினால் சாயல் மாறும். கடை விளக்கில் தெரியாது. பின்னி முடித்து வெயிலில் பார்த்தால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று பல்லிளிக்கும். ஒரே ஊர் வெல்லம்தான், ஒவ்வொரு பாகும் ஒரே நிறமா இருக்கிறது? அதே கதைதான்.

நமது கடைகளில் முதல் முடங்குவதும் இங்கேதான். மிட்டாய் பாட்டில் அடுக்குவது போல் முப்பது நிறத்தில் இரண்டிரண்டு உருண்டை வாங்கி வைக்கிறோம். பார்க்க அழகுதான். ஆனால் ஆண்களுக்கான முழுக்கை ஸ்வெட்டருக்கு டபுள் நிட்டிங் நூல் 500 முதல் 600 கிராம் வேண்டும். 50 கிராம் உருண்டையில் பத்து முதல் பன்னிரண்டு. இரண்டு உருண்டையை வைத்துக்கொண்டு அந்த வாடிக்கையாளருக்கு என்ன செய்வது? அவர் போய்விடுவார்; நூல் நின்றுவிடும். ஐந்தாறு நிறம் போதும். ஒவ்வொன்றிலும் ஒரே லாட்டில் பன்னிரண்டு உருண்டைக்குக் குறையாமல் வாங்குங்கள். மொத்த வியாபாரியிடம் ஆர்டர் எழுதும்போதே "ஒரே லாட்" என்று குறிப்பிட்டு, சரக்கு வந்ததும் ரசீது போடுமுன் பையைப் பிரித்து எண்ணைச் சரிபாருங்கள்.

விற்கும்போது தேவைக்கு மேல் ஒரு உருண்டை சேர்த்துக் கொடுங்கள். "லேபிள் பிரியாமல் இருந்தால் பொங்கலுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்" என்று பில்லிலேயே லாட் எண்ணுடன் எழுதிவிடுங்கள். ஒரு கை பின்ன நூல் போதாமல் வந்து நிற்கும் பெண்மணிக்குப் பதில் சொல்வதைவிட, மிஞ்சிய ஒரு உருண்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வது எளிது.

உல்லன் என்ற பெயரில் நமது பக்கம் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது குற்றமல்ல, துவைக்க எளிது, பூச்சி அரிக்காது, விலையும் குறைவு. ஆனால் கம்பளி என்று சொல்லி அதை விற்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு இழையைக் கடைக்கு வெளியே கொண்டு போய்க் கொளுத்திப் பாருங்கள். ஆட்டுரோமம் தலைமுடி கருகிய வாடை வீசும். நெருப்பை எடுத்தால் அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் கரும்புகையுடன் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். தோலில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், கார்த்திகை விளக்கு ஏற்றும்போது குழந்தைக்கு அதைப் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

அசல் கம்பளி நூலைச் சில்லறையாக எடை போட்டு வாங்குவோர் மழைக்காலத்தில் உஷாராக இருக்க வேண்டும். கம்பளி தன் எடையில் முப்பது சதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் கைக்கு உலர்ந்ததாகவே தோன்றும். புளி வாங்கிப் பழகிய நமக்கு இது விளங்காததல்ல. அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கம்பளி வாடையையும் பிடித்துக்கொள்ளும். பெருங்காயம், மிளகாய் வற்றல் பக்கத்தில் ஒரு வாரம் இருந்த நூலைக் குழந்தைக்கு யார் வாங்குவார்கள்? பாலிதீன் பையில் கட்டி, கண்ணாடிக் கதவுள்ள தனி அலமாரியில், வெயில் படாமல் வையுங்கள்.

கையால் ஒரு ஸ்வெட்டர் பின்ன மூன்று நான்கு வாரம் ஆகும். மார்கழியில் போட வேண்டியதை ஐப்பசியிலாவது தொடங்க வேண்டும். லூதியானாவிலிருந்து லாரியில் வரும் சரக்கு ஆவணி முடிவதற்குள் நமது கடைக்கு வந்து சேர்ந்திருந்தால், புரட்டாசியிலேயே விற்பனை தொடங்கிவிடும். தைக்குப் பின் மிஞ்சுகிற ஒற்றை உருண்டைகளைக் குல்லாய்க்கும் காலுறைக்கும் விலை குறைத்துத் தள்ளலாம். அதற்கும் போகாததை நிறவாரியாகக் கட்டி வைத்தால், அடுத்த நவராத்திரிக்கு வாசல் தோரணமும் கொலு அலங்காரமும் செய்கிறவர்கள் லாட் எண் கேட்காமலே வாங்கிப் போவார்கள்.