கணக்கர் மாறலாம், கணக்கு தடுமாறக் கூடாது



கடையில் எடை போடும் பையன் நின்றுவிட்டால் மறுநாளே வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம். கணக்கர் நின்றுவிட்டால் அப்படியல்ல. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் மளிகை மொத்தக் கடைக்கு ஒரே கணக்கர்தான் பல ஆண்டுகள் கணக்கு எழுதினார். பொது விற்பனை வரி, 2007இல் வாட் வரி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. என்று மூன்று முறைகளையும் அவர் கையால்தான் கடந்தோம். ஒரு பைசா பிசகியதில்லை. திடீரென்று அவர் நோயில் படுத்தார். புதியவரை அமர்த்தினோம். அவர் முதலில் கேட்டது பாஸ்வேர்டு. அது எங்களுக்குத் தெரியாது. மாற்றலாம் என்றால், பதிவிலிருந்த கைபேசி எண்ணும் இமெயிலும் பழையவருடையவை. அந்த எண்ணோ ரீசார்ஜ் இல்லாமல் நின்று போயிருந்தது.

சான்றுகளுடன் வரி அலுவலகத்தில் மனுக் கொடுத்து எண்ணை மாற்றுவதற்குள் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கடந்துவிட்டன. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் கட்டினோம். அதுகூடப் பெரிதல்ல. நாங்கள் விற்பனை விவரம் தாக்கல் செய்யாததால், எங்களிடம் சரக்கெடுத்த கடைக்காரர்களின் 2பி பட்டியலில் எங்கள் பில் ஏறவில்லை. அவர்களால் உள்ளீட்டு வரியை எடுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, உங்க பில்லைக் காணோமே" என்று அவர்கள் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றோம். கணக்கர் மீது குற்றமில்லை. சாவியை அவரிடமே விட்டு வைத்தது எங்கள் குற்றம்.

கணக்கரை மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஜி.எஸ்.டி., வருமான வரி இரண்டிலும் முதலாளியின் கைபேசி எண்ணும் இமெயிலும் பதிவாகியிருக்க வேண்டும். பழையவர் விலகும் முன்பே இதை முடியுங்கள். பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள்.

2. ஏப்ரல் முதல் தேதி மாற்றுவது சுலபம். மார்ச் 31 இருப்புச் சரக்கு, ரொக்கம், வங்கி இருப்பு, வர வேண்டிய பாக்கி, தர வேண்டிய பாக்கி ஆகியவற்றைப் பழையவரிடம் எழுதி வாங்குங்கள். முடிந்த ஆண்டின் ரிட்டனை யார் தாக்கல் செய்வது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

3. பேரேடு, பில் கட்டுகள், தாக்கல் செய்த ரிட்டன் நகல்கள், கம்ப்யூட்டர் கணக்கின் பிரதி எல்லாம் கடைக்கு வந்து சேர வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு ரிட்டனுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பழையது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

4. நோட்டீஸ் தபாலில்தான் வரும் என்று இருக்காதீர்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் பதில் சொல்லாத நோட்டீஸ் கிடக்கிறதா என்று புதியவரை முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள்.

5. ஆடிட்டரை மாற்றினால், புதிய ஆடிட்டர் பொறுப்பேற்கும் முன் பழையவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் விதி. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் மாற்ற நினைக்காதீர்கள். கூலி பாக்கியைத் தீர்த்து, மரியாதையாகச் சொல்லி விலகுங்கள். நாளை ஒரு பழைய பில்லுக்கு விளக்கம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும்.

6. புதியவர் வந்த முதல் மூன்று மாதம், 14ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாள் அவருடன் உட்காருங்கள். கொள்முதல் பில்களை 2பி பட்டியலுடன் ஒன்றுக்கொன்று சரிபாருங்கள்.

கல்லாப்பெட்டிச் சாவியை யாரிடமும் விட்டு வைக்காத நாம், கணக்கின் சாவியை மட்டும் விட்டு வைக்கலாமா? இன்றிரவு கடை சாத்தும் முன் உங்கள் கணக்கரைக் கேளுங்கள்: "ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வருகிறது?"