ஸ்மித்தை மறுபடி படிக்கும்போது

கேள்வி: நானும் என் அண்ணனும் கல்லூரி நாட்களில் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்தவை சி. எல். மூரின் நார்த்வெஸ்ட் ஸ்மித் கதைகள். விண்வெளிக் கடத்தல்காரன் என்றால் எங்களுக்கு ஸ்மித்தான். இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேச ஒரு சாக்கு வேண்டுமே என்று அதே கதைகளை எடுத்தோம். மூன்று வாரத்தில் ஏழு கதை முடிந்துவிட்டது. எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. எல்லாவற்றிலும் ஆளை மயக்கும் ஏதோ ஒன்று, அதில் சிக்கும் ஸ்மித், கடைசியில் காப்பாற்ற வரும் அவன் கூட்டாளி யாரோல். கடத்தல்காரன் என்கிறார்கள், எதைக் கடத்தினான் என்றே தெரியவில்லை. சின்ன வயதில் பிடித்ததைத் திரும்பத் தொடக்கூடாது என்கிறார் அண்ணன். எனக்கு விட மனமில்லை. எப்படிப் படிப்பது, எதைப் பேசுவது?
(ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: விட வேண்டாம் அம்மா. சலிப்புக்குப் பாதிக் காரணம் கதைகள் என்றால் மீதிப் பாதி நீங்கள் படித்த வேகம். முதல் கதையான ‘ஷாம்ப்லோ’ 1933 நவம்பரில் ‘வியர்ட் டேல்ஸ்’ மாத இதழில் வந்தது. அடுத்தது ‘பிளாக் தர்ஸ்ட்’, 1934 ஏப்ரலில். அன்றைய வாசகருக்கு நடுவில் ஐந்து மாதம் கிடைத்தது. முந்தைய கதையில் என்ன நடந்தது என்பது மங்கி, அதன் வாடை மட்டும் மனதில் தங்கியிருக்கும் நேரத்தில் அடுத்தது கைக்கு வரும். இன்று பதின்மூன்று கதைகளும் ஒரே அட்டைக்குள் கிடைக்கின்றன. பாயசம் நன்றாக இருக்கிறதே என்று பதின்மூன்று தம்ளர் குடித்தால் யாருக்கும் திகட்டும். மாதத்துக்கு ஒரு கதை போதும். நான்கு ஞாயிறும் அதையே பேசுங்கள்.

கடத்தல் எங்கே என்று கேட்டீர்களே, அது சரியான கேள்வி. சரக்கை ஏற்றி இறக்குவதை மையமாக வைத்து மூர் எழுதவில்லை. ஸ்மித் எந்த வேலையாக ஒரு ஊருக்கு வந்தான் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுவார். ஆனால் அந்தத் தொழில் அவருக்குத் தேவைப்பட்டது. போலீஸிடம் போக முடியாத, கூட்டாளி ஒருவனைத் தவிர யாரும் தேடி வராத ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவன் ஒரு அறைக்குள் அகப்பட்டுக்கொண்டால் அவ்வளவுதான். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 டிசம்பர் வரை நீடித்தது. சாராயம் கடத்துகிறவர்களின் செய்தியைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் நாயகன் புதியவன் இல்லை. அவன் கையில் வெப்பத் துப்பாக்கியைக் கொடுத்துச் செவ்வாய்க்கு அனுப்பிய பிறகு மூர் செய்ததுதான் புதுமை. அந்தத் துப்பாக்கி உதவாத இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

‘ஷாம்ப்லோ’வின் முதல் காட்சியை இந்த ஞாயிறு அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். செவ்வாயில் லக்தரோல் என்ற குடியேற்ற ஊர். செந்நிற உடையில், தலையை இறுகச் சுற்றிக் கட்டிய ஒரு பெண்ணைக் கூட்டம் விரட்டி வருகிறது. ஸ்மித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறான். இவள் என்னுடையவள் என்று அவன் சொன்னதும் கூட்டத்தின் ஆவேசம் சட்டென்று வடிந்து, எல்லோரும் கலைந்து போகிறார்கள். இருபது வயதில் இதைப் படித்தபோது அவனுடைய துப்பாக்கிக்குப் பயந்து போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். முடிவு தெரிந்து படிக்கும்போது அந்த முகங்களில் வேறொன்று தெரிகிறது. அருவருப்பு. இவனுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கிறதா என்ற வெறுப்பு. தான் ஜெயித்துவிட்டதாக ஸ்மித் நினைக்கும் நொடியில், அவன் கெட்டுப்போனவன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மூர் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் அந்தப் பக்கத்திலேயே கிடக்கிறது. முதல் வாசிப்பில் நாமும் ஸ்மித்தின் பக்கம் நின்றதால் கண்ணில் படவில்லை. மறுவாசிப்பு எனக்குத் தந்தவற்றில் இதை மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

அதே கதையின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். ஸ்மித்தை நாட்கணக்கில் காணாமல் தேடி வந்த யாரோல், சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தபடி தோளுக்கு மேலாகப் பின்பக்கம் சுட்டு, ஸ்மித்தை மயக்கிச் சிக்கவைத்திருந்த அந்தப் பெண்ணைக் கொல்கிறான். மெதூசாவின் கிரேக்கக் கதையைத்தான் மூர் வேறு கிரகத்தில் வைத்திருக்கிறார் என்பது யாருக்கும் புரியும். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு வருவது. இன்னொரு முறை இப்படி ஒருத்தியைக் கண்டால் யோசிக்காமல் சுட்டுவிடுவதாகச் சத்தியம் செய் என்கிறான் யாரோல். ஸ்மித்தால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. முயற்சி செய்கிறேன் என்ற அளவில்தான் சொல்கிறான், அதுவும் குரல் தடுமாற. அந்த அனுபவத்தில் தனக்கு வெறுப்பும் இருந்தது, சொல்ல முடியாத இன்பமும் இருந்தது என்று ஒப்புக்கொண்டவன் அவன். குடியை விட்டவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்தக் குரலின் தடுமாற்றம் உங்களுக்குப் பரிச்சயமாக இருக்கும். அவன் வாக்கைக் காப்பாற்றுவானா? இதை அண்ணனிடம் கேளுங்கள். ஒரு ஞாயிறு போதாது.

‘ஷாம்ப்லோ’ வெளிவந்தபோது மூருக்கு வயது 22. கேத்தரின் லூசில் மூர், இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு வங்கியில் தட்டச்சு வேலை பார்த்தவர். பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலை போனால் திரும்பக் கிடைக்காது. எழுத்தில் தனி வருமானம் வருவது வங்கிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரைச் சுருக்கிக்கொண்டார். பெண் என்பதை மறைக்கத்தான் சி. எல். என்று போட்டார் என்பார்கள். அவரே அதை மறுத்திருக்கிறார். நார்த்வெஸ்ட் ஸ்மித் என்ற பெயரும் வங்கியில் கிடைத்ததுதான். என். டபிள்யூ. ஸ்மித் என்ற ஒருவருக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த முதலெழுத்துகள் விரிந்து வடமேற்காகிவிட்டன. சக எழுத்தாளர் ஹென்ரி கட்னர் இவரை ஆண் என்று எண்ணி, திரு. மூர் என்று விளித்துப் பாராட்டுக் கடிதம் போட்டதும், 1940இல் இருவரும் மணந்துகொண்டதும் தனிக்கதை.

எல்லாக் கதையிலும் யாரோல்தான் காப்பாற்றுகிறான் என்ற இடத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ‘ஸ்கார்லெட் டிரீம்’ கதையைத் திருப்பிப் பாருங்கள். செவ்வாய்ச் சந்தையில் ஸ்மித் ஒரு சால்வை வாங்குகிறான். அதன் பின்னல் கண்ணை இழுத்துக்கொண்டே போகிறது. தூக்கத்தில் வேறொரு உலகத்தில் போய் விழுகிறான். அங்கே உழைப்பில்லை, கவலையில்லை. ஏதோ ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை சும்மா இருக்கலாம். வெளியே போக ஒரு சொல் உண்டு, அதைச் சொல்கிறவர் உயிர் போய்விடும். அவனுக்காக அதைச் சொல்பவள் அவனோடு இருந்த பெண். ‘பிளாக் தர்ஸ்ட்’டிலும் ஒரு பெண்தான் அவனை ஒரு கோட்டைக்குள் அழைத்துப்போகிறாள், அவள் இல்லையென்றால் அவன் மீண்டிருக்க மாட்டான். அழகையே இரையாக உண்ணும் ஒருவனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களை வளர்க்கும் இடம் அது. அழகு ஒரு விளைச்சலாகும்போது என்ன ஆகும் என்று இதைவிடக் கடுமையாக எழுதிய அந்தக் காலக் கதை எனக்குத் தெரியாது.

‘இவாலா’வில் உங்கள் மனம் கசக்கும், கசக்கத்தான் வேண்டும். கையில் காசில்லாமல் நிற்கும் ஸ்மித்தும் யாரோலும் வியாழனின் துணைக்கோள் ஒன்றுக்குப் போக ஒப்புக்கொள்கிறார்கள். அடிமை வியாபாரிகளுக்குப் பெண்கள் கிடைப்பார்களா என்று பார்த்து வரும் வேலை. மூர் இதில் பெரிதாக நின்று யோசிப்பதில்லை, கதை மாயத்துக்குள் ஓடிவிடுகிறது. பிடித்த நாயகன் என்பதற்காக நீங்களும் ஓடிவிடாதீர்கள். சட்டத்தை மீறுகிறவன் என்றதும் நம் மனம் அவனுக்கு ஒரு கவர்ச்சியைக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கவர்ச்சிக்கு அடியில் என்ன சரக்கு இருக்கிறது என்பது இந்தக் கதையில்தான் அப்பட்டமாகத் தெரிகிறது.

மூச்சுவிடக் காற்று இருக்கும் செவ்வாய், மனிதர் வாழும் வெள்ளிக் கிரகம் எல்லாம் அபத்தமாகப் படுகிறதா? வெள்ளி கொதிக்கும் உலை என்பதற்கான சான்றை 1962இல் மரைனர் 2 விண்கலம் அனுப்பியது. செவ்வாயின் வறண்ட பள்ளங்களை மரைனர் 4 படம் பிடித்தது 1965இல். கதைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. இதில் நேரம் செலவிட வேண்டாம்.

ஒரு பாட்டு இருக்கிறது, அதைப் பின்தொடருங்கள். பூமியின் பசுங்குன்றுகளைப் பற்றிய அந்தப் பாட்டை ஸ்மித் ‘ஷாம்ப்லோ’விலேயே முணுமுணுக்கிறான். மூரும் கட்னரும் சேர்ந்து எழுதி 1937இல் வந்த ‘குவெஸ்ட் ஆஃப் தி ஸ்டார்ஸ்டோன்’ கதையிலும் அது வருகிறது. பத்தாண்டு கழித்து ராபர்ட் ஹைன்லைன் அந்தச் சொற்றொடரையே தன் புகழ்பெற்ற சிறுகதைக்குத் தலைப்பாக்கினார். பூமிக்குத் திரும்ப முடியாதவனின் பாட்டு அது. அது தெரிந்தால் மற்றக் கதைகளில் ஸ்மித் சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்கள்கூடக் கனக்கத் தொடங்கும்.

‘சாங் இன் எ மைனர் கீ’ உங்கள் ஏழில் வந்துவிட்டதா என்று தெரியவில்லை. வரவில்லையென்றால் அதைக் கடைசிக்கு வையுங்கள். 1940இல் வந்தது, ஒரு சில பக்கம்தான். அதில் மாயமும் இல்லை, யாரோலும் இல்லை. ஸ்மித் பூமியில் ஒரு குன்றுச் சரிவில், கிளாவர் புல்லில் வெயிலேறப் படுத்திருக்கிறான். இருபது ஆண்டுக்கு முன் விட்டுப்போனதை நினைத்துக்கொண்டு. அவ்வளவுதான் கதை. அதை அண்ணனையே படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள்.